கொன்சோலுக்கும் கணினிக்கும் ஒரே வயர் கொன்ட்ரோலர்: தேர்ந்தெடுத்த முறையும் செய்த சோதனைகளும்

ஹட்டனில் எங்கள் வீட்டில் ஓர் எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எஸ் கொன்சோலும், என் அலுவல்களுக்காக நான் வைத்திருக்கும் பழைய மேசைக் கணினியும் உள்ளன. கட்டாரில் வேலை செய்யும் தம்பி விடுமுறையில் வந்தபோது கொன்சோலைக் கொண்டுவந்து அக்காவின் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். பிள்ளைகள் இருவர், அதனுடன் வந்த கொன்ட்ரோலர் ஒன்று. இருவரும் சேர்ந்து கால்பந்து விளையாட இரண்டாவது கொன்ட்ரோலர் தேவைப்பட்டது. வாங்குவதை, புளூடூத் வசதி இல்லாத என் விண்டோஸ் 10 கணினியிலும் பயன்படுத்தக் கூடியதாகவே வாங்க வேண்டும் என்று நான் நிபந்தனை வைத்தேன். அந்த ஒரு நிபந்தனையால் தேர்வு எவ்வளவு சுருங்கியது, எஞ்சியவற்றுள் எதை எந்தக் காரணத்துக்காக எடுத்தேன், வாங்கும் முன்னும் பின்னும் எவற்றைச் சோதித்தேன் என்பவற்றை, இதே நிலையில் இருக்கும் மலையகக் குடும்பங்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

வயர் உள்ளதைத் தேடியதற்கு முதற்காரணம் பெட்டரி. எக்ஸ்பொக்ஸுடன் வரும் கொன்ட்ரோலர் இரண்டு டபுள் ஏ பெட்டரிகளில் இயங்குகிறது. அவை 40 மணித்தியாலம் வரை தாங்கும் என்று அதைத் தயாரிக்கும் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் கூறுகிறது. பிள்ளைகள் பாடசாலை விடுமுறையில் விளையாடும் வேகத்துக்கு அந்த 40 மணித்தியாலம் விரைவில் தீர்ந்துவிடும். வயர் உள்ளதற்கு யூஎஸ்பி போர்ட் வழியாகவே 5 வோல்ட் கிடைப்பதால் பெட்டரிச் செலவே இல்லை. கணினியில் புளூடூத் இல்லாத குறையும் அதனால் ஒரு பொருட்டாகாது. எக்ஸ்பொக்ஸின் சொந்தக் கொன்ட்ரோலரையும் யூஎஸ்பி சி கேபிளால் இணைத்தால் பெட்டரி இல்லாமலே இயக்கலாம். ஆகவே அதையும் போட்டியில் சேர்த்துக்கொண்டேன்.

இரண்டிலும் இயங்கும் ஒன்றைத் தேடுகிறவர் தன்னிடம் உள்ள கொன்சோல் எவற்றை ஏற்கும் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கணினி எதையும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். கொன்சோல் அவ்வாறு ஏற்காது. எக்ஸ்பொக்ஸ், பிளேஸ்டேஷன் இரண்டும் இணைக்கப்படும் சாதனம் அங்கீகாரம் பெற்றதா என்று சரிபார்த்த பின்பே அதை விளையாட்டுக்குள் அனுமதிக்கின்றன. எக்ஸ்பொக்ஸ் 360 காலத்து வயர் கொன்ட்ரோலர் கணினியில் இன்றும் நன்றாக இயங்கினாலும் சீரிஸ் எஸ்ஸில் இயங்காது. பிளேஸ்டேஷன் 4 இன் கொன்ட்ரோலரான டூயல்ஷொக் 4, பிளேஸ்டேஷன் 5 இல் பழைய பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுகளுக்கு மட்டுமே உதவும். புதிய விளையாட்டுகளுக்கு உதவாது. நின்டெண்டோ ஸ்விட்ச்சில், அதைத் தொலைக்காட்சியோடு இணைக்கும் டொக்கின் யூஎஸ்பி போர்ட் வழியாக வயர் கொன்ட்ரோலரை இணைக்கலாம். ஆனால் அதற்கென்று செய்யப்பட்டவற்றில் ட்ரிகர் எனப்படும், சுட்டுவிரலால் அழுத்தும் விசையின் அழுத்த அளவை அறியும் வசதி வழக்கமாக இராது. அதைக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டுக்குக் கொண்டுவந்தால் முழு வேகம் அல்லது வேகமின்மை என்ற இரண்டே நிலைகள்தாம் கிடைக்கும்.

பழைய பொருள் வாங்க நினைப்பவர்கள் இன்னொரு செய்தியையும் கவனிக்க வேண்டும். 2023 நவம்பர் முதல் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் அங்கீகாரமற்ற துணைச்சாதனங்களை எக்ஸ்பொக்ஸில் தடுக்கத் தொடங்கியது. அதற்கு முன்பு எப்படியோ இயங்கிக்கொண்டிருந்த சில கொன்ட்ரோலர்களும் மாற்றி இணைக்கும் கருவிகளும் அதன் பின்னர் செயலிழந்தன. ஆகையால், விற்பவர் தன்னிடம் இயங்கியது என்று உண்மையாகவே சொன்னாலும் அது எந்த ஆண்டு இயங்கியது என்று கேட்க வேண்டியிருக்கிறது. பெட்டியின் மேல் "டிசைன்ட் ஃபோர் எக்ஸ்பொக்ஸ்" என்ற அங்கீகார முத்திரை உள்ளதை மட்டுமே பார்ப்பது என்று நான் முடிவுசெய்தேன். கடைகளில் அடுக்கிவைத்திருக்கும் பெயர் தெரியாத மலிவுக் கொன்ட்ரோலர்கள் அத்தனையும் அந்த முடிவோடு விலகிப்போயின.

கணினிப் பக்கத்தில் அறிந்துகொள்ள வேண்டியவை, கொன்ட்ரோலரின் அசைவுகளை விண்டோஸ் விளையாட்டுக்குத் தெரிவிக்கும் எக்ஸ்இன்புட், டைரக்ட்இன்புட் என்னும் இரண்டு முறைகள். டைரக்ட்இன்புட் பழையது. எக்ஸ்இன்புட் 2005 இல் வந்த எக்ஸ்பொக்ஸ் 360 ஐ ஒட்டி மைக்ரோசொஃப்ட் உருவாக்கியது. இன்றைய விண்டோஸ் விளையாட்டுகளுள் மிகப் பெரும்பாலானவை எக்ஸ்இன்புட்டையே எதிர்பார்க்கின்றன. எக்ஸ்பொக்ஸுக்கு அங்கீகாரம் பெற்ற எதுவும் விண்டோஸ் 10 இல் தனி டிரைவர் நிறுவாமலே எக்ஸ்இன்புட் சாதனமாகத் தோன்றிவிடும். பிளேஸ்டேஷன் கொன்ட்ரோலரையும் கணினியில் பயன்படுத்தலாம். ஆனால் ஸ்டீம் போன்ற ஒரு மென்பொருள் இடையில் நின்று மொழிபெயர்க்க வேண்டும், அல்லது அந்த விளையாட்டே அதற்கு ஆதரவளிக்க வேண்டும். எக்ஸ்பொக்ஸ் உள்ள வீட்டில் கொன்சோலுக்குச் சரியானது கணினிக்கும் தானாகவே சரியாகிவிடுகிறது. பிளேஸ்டேஷன் உள்ளவர்களுக்கு இந்த வசதி இவ்வளவு எளிதாக அமைவதில்லை.

அடுத்தது ஸ்டிக், அதாவது ஆட்டக்காரரை நகர்த்தக் கட்டைவிரலால் சாய்க்கும் சிறு தண்டு. ஒரு கொன்ட்ரோலரின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுவே என்பதால் இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். கணினிக்கு மட்டும் முன்பு பயன்பட்ட மலிவான வயர் கொன்ட்ரோலர் ஒன்று வீட்டில் கிடந்தது. அதன் இடது ஸ்டிக்கைத் தொடாமல் விட்டாலும் திரையில் ஆட்டக்காரர் தானாக ஒரு பக்கம் நகர்ந்துகொண்டிருப்பார். புதியதை வாங்கும் முன் இந்தக் கோளாறின் காரணத்தைக் கண்ணால் பார்த்துவிட விரும்பி, கேபிளைக் கழற்றிவிட்டு அதன் பின்பக்கத் திருகாணிகளை அகற்றித் திறந்தேன். ஸ்டிக்கின் அடியில் சிறிய உலோகப் பெட்டி ஒன்றும், அதன் இரு பக்கங்களில் ஒன்றுக்கொன்று செங்குத்தாகப் பொருத்தப்பட்ட, அசைவுக்கேற்ப மின்தடை மாறும் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்களும் இருந்தன. இடம் வலமாக அசைவதை ஒன்றும், மேல் கீழாக அசைவதை மற்றதும் அளக்கின்றன.

ஒவ்வொன்றுக்கும் மூன்று கால்கள். மல்டிமீட்டரை மின்தடையை அளக்கும் ஓம் அளவில் வைத்து இரு ஓரக் கால்களுக்கு இடையில் அளந்தால் ஏறத்தாழ 10 கிலோ ஓம் வரும். நடுக்காலுக்கும் ஓரக் காலுக்கும் இடையில், ஸ்டிக் நடுவில் நிற்கும்போது அதில் பாதியளவு வர வேண்டும். ஸ்டிக்கை மெதுவாகச் சாய்த்தால் அந்த எண் சீராக ஏறவோ இறங்கவோ வேண்டும். சேர்க்கிட் பலகையிலிருந்து கழற்றாமல் அளப்பதால் எண் சற்று மாறுபடலாம், ஆனால் ஏற்ற இறக்கத்தின் சீர்மை தெளிவாகத் தெரியும். பழுதான கொன்ட்ரோலரில் நடுப்பகுதியைக் கடக்கும்போது எண் துள்ளியது. விட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றது. மூடியைக் கவனமாக நெம்பி எடுத்தபோது, அரைவட்டக் கரித் தடத்தின் நடுப்பகுதி தேய்ந்து பளபளப்பாகவும் அதைச் சுற்றிக் கரிய தூள் படிந்தும் இருப்பதைக் கண்டேன். பழைய வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டும் திருகியைத் திருப்பும்போது கரகரவென்று சத்தம் வருமே, அங்கு தேய்வதும் இதே வகைக் கரித் தடந்தான்.

ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்த பஞ்சால் தடத்தைத் துடைத்து மறுபடி பூட்டினேன். துள்ளல் குறைந்தது, பின்னர் திரும்பவும் தலைகாட்டியது. தூளை நீக்கலாம், தேய்ந்த கரியை மீட்க முடியாது. ஸ்டிக் எப்போதும் நடுவுக்கே திரும்பிவருவதால் அந்த இடமே அதிகம் உரசுகிறது. ஆட்டக்காரர் ஸ்டிக்கைத் தொடாத நேரத்தில் துல்லியம் வேண்டியதும் அந்த இடத்திலேதான். விலை கூடிய கொன்ட்ரோலர்களிலும் பெரும்பாலும் இதே வகைப் பொட்டென்ஷியோமீட்டர்கள்தாம் இருக்கின்றன என்பதை வாங்குபவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். விலை கூடினால் இந்தப் பழுது வராது என்று எண்ணுவதற்கு இடமில்லை.

இதற்கு மாற்று, ஹால் விளைவைப் பயன்படுத்தும் ஸ்டிக். மின்னோட்டம் பாயும் கடத்தி ஒன்றுக்குக் குறுக்காகக் காந்தப் புலம் அமையும்போது அதன் பக்கவாட்டில் மின்னழுத்தம் தோன்றுவதை எட்வின் ஹால் 1879 இல் கண்டறிந்தார். ஸ்டிக்கின் அச்சில் சிறு காந்தமும் அதற்கு எதிரே, தொடாத தூரத்தில், உணரியும் இருக்கும்; காந்தம் சாயும்போது உணரியின் மின்னழுத்தம் மாறும். உரசும் பகுதி இல்லாததால் தேய்வதற்குத் தடமும் இல்லை. இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. 1998 இல் வெளிவந்த சேகா டிரீம்காஸ்ட் கொன்சோலின் கொன்ட்ரோலரிலேயே ஹால் உணரிகள் இருந்தன. இப்போது டிஎம்ஆர் என்ற இன்னொரு காந்த உணரி வகையும் பரவிவருகிறது. அது குறைந்த மின்சாரத்தில் இயங்குவதால் பெட்டரியில் ஓடும் கொன்ட்ரோலருக்குப் பயனளிக்கும். வயர் உள்ளதில் அந்தச் சிக்கனத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. காந்த உணரி ஸ்டிக்கின் அளவீட்டை மட்டுமே காக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டிக்கை நடுவுக்கு இழுக்கும் சுருள்வில்லும், பட்டன்களின் அடியில் உள்ள இறப்பரும், தோள்பக்கப் பட்டன்களின் சுவிட்ச்சுகளும் வழக்கம்போலவே பழையதாகும்.

எங்கள் காலநிலையைக் கணக்கில் எடுத்தபோது இன்னொரு விடயமும் முக்கியமாகப்பட்டது. நாட்டிலேயே மிக அதிகமாக மழை பெறும் இடங்களுள் ஒன்றான வட்டவளை எங்களுக்கு மிக அருகில் உள்ளது. மே முதல் செப்தெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையும் மூடுபனியும் மாறி மாறி வரும்போது அலுமாரிக்குள் மடித்துவைத்த துணியே ஈரமாகிவிடும். சில கொன்ட்ரோலர்களின் கைப்பிடியில் பூசப்பட்டிருக்கும் மென்மையான இறப்பர் போன்ற பூச்சு, பொலியூரித்தேன் வகையாக இருந்தால், ஈரப்பதத்தால் சிதைந்து நாளடைவில் பிசுபிசுப்பாகிவிடும். கடையில் கையில் எடுக்கும்போது அந்தப் பூச்சுதான் சொகுசாகத் தோன்றும். மலையகத்தில் நெடுநாள் வைத்திருக்கப் போகிறவர்கள் அதைத் தவிர்த்து, பிளாஸ்டிக்கிலேயே சொரசொரப்பு அச்சிடப்பட்ட கைப்பிடி உள்ளதைத் தேட வேண்டும். பயன்படுத்தாத நேரத்தில் மூடியுள்ள ஒரு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது போதுமான பாதுகாப்பு. விறகடுப்பு எரியும் சமையலறையின் பக்கம் மட்டும் கொண்டுபோகக் கூடாது.

கேபிள் கழற்றக் கூடியதாக இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். வயர் கொன்ட்ரோலரில் ஸ்டிக்குக்கு அடுத்தபடியாகப் பழுதாவது கேபிள் உள்ளே நுழையும் இடமே. பிள்ளைகள் இழுப்பார்கள், யாராவது தடுக்கி விழுவார்கள். பொருத்தியே வரும் கேபிள் அறுந்தால் கொன்ட்ரோலரைத் திறந்து சோல்டர் செய்ய வேண்டும். யூஎஸ்பி சி முனை உள்ள கேபிள் என்றால் டவுனில் எந்தக் கைத்தொலைபேசிக் கடையிலும் மாற்றுக் கிடைக்கும். வாங்கும்போது அது தரவையும் கடத்தும் கேபிளா என்று கேட்டு வாங்க வேண்டும். சார்ஜ் ஏற்ற மட்டும் செய்யப்பட்ட கேபிளில் மின்சாரத்துக்கான கம்பிகள் மட்டுமே இருக்கும். விளக்கு எரியும், ஆனால் கொன்சோலுக்கு எதுவும் தெரியாது. நீளத்தைப் பொறுத்தவரை, எங்கள் முன்னறையில் தொலைக்காட்சிக்கும் பாய்க்கும் இடையில் 3 மீட்டர் தாராளமாகப் போதும். யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டரே எல்லை என்பதால் அதற்கு மேல் நீட்டிக் கேபிள்களைத் தொடுத்துக்கொண்டு போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விளம்பரங்களில் பெரிதாக எழுதப்படும் 1000 ஹேர்ட்ஸ் என்ற எண்ணை நான் ஒதுக்கிவைத்தேன். கணினி கொன்ட்ரோலரை ஒரு செக்கனில் எத்தனை முறை விசாரிக்கிறது என்பதே அந்த எண். 125 ஹேர்ட்ஸ் என்றால் 8 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை. 1000 என்றால் 1 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை. வினாடிக்கு 60 படங்கள் காட்டும் தொலைக்காட்சியில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 16.7 மில்லிசெக்கன் உள்ளது. தொலைக்காட்சி தன் படத்தை மெருகேற்றுவதற்காக எடுத்துக்கொள்ளும் நேரம் அதையும் விஞ்சக் கூடியது. அதன் அமைப்புகளில் கேம் மோட் என்பதைத் தேடி இயக்கினால், செலவே இல்லாமல், கொன்ட்ரோலருக்குக் கூடுதல் பணம் கொடுத்துப் பெறுவதைவிடப் பெரிய பயன் கிடைக்கும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தபோது பட்டியல் குறுகியது. லொஜிடெக் எஃப்310 உறுதியானது. பின்பக்கத்தில் எக்ஸ், டி என்று இரண்டு முறைகளுக்கும் மாற்றும் சுவிட்ச்சும் உண்டு. ஆனால் அது கணினிக்கு மட்டுமே, அதிர்வும் இல்லை. பிளேஸ்டேஷன் 5 உடன் வரும் சோனியின் டூயல்சென்ஸ் எங்கள் கொன்சோலில் இயங்காது. எக்ஸ்பொக்ஸின் சொந்தக் கொன்ட்ரோலர் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆயினும் அதன் ஸ்டிக்குகள் பொட்டென்ஷியோமீட்டர் வகை, தவிர நாங்கள் பயன்படுத்தப் போகாத வயரற்ற வசதிக்கும் சேர்த்தே அதற்கு விலை. 2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்த பின்னர் இறக்குமதிப் பொருளொன்றில் தேவையற்ற ஒரு வசதிக்குப் பணம் கொடுப்பது எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இயலாத காரியம். கேம்சேர் ஜி7 எஸ்இ என்னும் வயர் கொன்ட்ரோலர் எக்ஸ்பொக்ஸ் அங்கீகாரம், ஹால் ஸ்டிக், கழற்றக் கூடிய 3 மீட்டர் யூஎஸ்பி சி கேபிள், 3.5 மில்லிமீட்டர் ஹெட்போன் துளை ஆகிய அனைத்தையும் கொண்டிருந்ததால் அதைத் தேர்ந்தெடுத்தேன். அதன் பின்பக்கத்தில் உள்ள இரண்டு மேலதிகப் பட்டன்களைப் பூட்டிவைக்க முடிவதும் நல்லதாயிற்று. சிறு பிள்ளைகளின் விரல்கள் தவறிப் பட்டுவிடும் என்ற கவலை இல்லை.

ஹட்டனிலிருந்து ஒரு பொருளைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பிப் பெறுவது செலவும் அலைச்சலும் கொண்ட வேலை. ஆகவே வேறு ஒரு வேலையாகக் கொழும்புக்குப் போனபோது, நண்பரின் மடிக்கணினியைக் கையோடு எடுத்துக்கொண்டு பம்பலப்பிட்டியில் யுனிட்டி பிளாஸாவுக்குச் சென்றேன். ஒரு கடையில், "தம்பி, இது எல்லாத்துக்கும் வேலை செய்யும், பயப்படாம கொண்டு போங்க" என்று அங்கீகார முத்திரை இல்லாத ஒன்றைக் காட்டினார்கள். நன்றி கூறிவிட்டு நகர்ந்தேன். நான் தேடியது இருந்த கடையில் பணம் கொடுக்கும் முன் சோதிக்க அனுமதித்தார்கள். இதற்கு இணையம் தேவையில்லை. விண்டோஸ் தேடல் பெட்டியில் ஜோய் டொட் சிபிஎல் என்பதை ஆங்கில எழுத்தில் இட்டால் கொன்ட்ரோலர்களின் பட்டியல் திறக்கும்; அதில் பண்புகள் பக்கத்தில் ஸ்டிக்கின் நிலையும் பட்டன்களும் தெரியும். ஸ்டிக்கை ஒவ்வொரு திசைக்கும் முழுதாகத் தள்ளிச் சட்டென்று விட்டு, குறி அதே நடுவிடத்துக்குத் திரும்புகிறதா என்று பார்த்தேன். பின்பு விளிம்பைத் தொட்டபடி மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, எங்கும் துள்ளாமல் முழு எல்லையையும் அடைகிறதா என்று பார்த்தேன். இரண்டு ஸ்டிக்குகளும் தேறின.

அந்தப் பக்கத்தில் ட்ரிகர்களைச் சோதிக்கும்போது கவனம் வேண்டும். எக்ஸ்பொக்ஸ் வகைக் கொன்ட்ரோலர்களின் இரண்டு ட்ரிகர்களையும் டைரக்ட்இன்புட் ஒரே அச்சாகவே காட்டும். ஒன்றை அழுத்தினால் ஒரு பக்கமும் மற்றதை அழுத்தினால் எதிர்ப் பக்கமும் குறி நகரும், இரண்டையும் சமமாக அழுத்தினால் நடுவிலேயே நிற்கும். இதைப் பார்த்துக் கொன்ட்ரோலர் பழுது என்று திருப்பிக் கொடுத்துவிடக் கூடாது. எக்ஸ்இன்புட் வழியாகப் பார்க்கும் விளையாட்டுகளில் இரண்டும் தனித்தனியாகவே வரும்.

வீட்டில் கணினியின் பின்பக்க யூஎஸ்பி போர்ட்டில் இணைத்து, விளையாட்டுக்குள் டெட் சோன் எனப்படும் அசைவற்ற நடு வட்டத்தைச் சரிசெய்தேன். எக்ஸ்இன்புட் ஸ்டிக்கின் எல்லையை 32767 என்று எண்ணுகிறது. இடது ஸ்டிக்குக்கு 7849, வலதுக்கு 8689 என்ற அளவுக்குள் வரும் அசைவைப் புறக்கணிக்கலாம் என்பது மைக்ரோசொஃப்ட் தந்துள்ள இயல்பு அளவு. அதாவது நாற்பங்கில் ஒரு பங்கு அசைவு வீணாகிறது. பொட்டென்ஷியோமீட்டரின் தேய்மானத்தை மறைக்க அது உதவலாம். நடுவில் நிலையாக நிற்கும் ஹால் ஸ்டிக்குக்கு அவ்வளவு தேவையில்லை. அமைப்பை மாற்ற இடம் தரும் கார் விளையாட்டு ஒன்றில் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போய், கை எடுத்த பின் கார் கோணாமல் நேராக ஓடும் மிகச் சிறிய அளவில் நிறுத்தினேன். வளைவுகளில் வண்டியைச் சிறிது சிறிதாகத் திருப்ப முடிவதை மூத்த மருமகன் உடனே உணர்ந்து, "மாமா, இப்ப கொஞ்சமா திருப்பினாலும் கேக்குது" என்றான்.

கொன்சோலில் செய்ய வேண்டியது மிகக் குறைவு. சீரிஸ் எஸ்ஸின் முன்பக்கத்தில் ஒரு யூஎஸ்பி போர்ட்டும் பின்பக்கத்தில் இரண்டும் உள்ளன. முன்பக்கத்தில் செருகி நடுப் பட்டனை அழுத்தியதும் இரண்டாவது ஆட்டக்காரராகச் சேர்ந்துகொண்டது. கேபிளை மேசைக் காலில் தளர்வாக ஒரு சுற்றுச் சுற்றிவைத்திருக்கிறேன். யாராவது தடுக்கினால் இழுவை மேசைக் காலில் தங்கும், போர்ட்டுக்குப் போகாது.

வயர் கொன்ட்ரோலரைப் பயன்படுத்தும் மலையகத்தவர் இடிமின்னலைப் பற்றி அலட்சியமாக இருக்கக் கூடாது. மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடி முழங்கும்போது, வயர் தொலைபேசிகளையும் மின்னிணைப்பில் உள்ள சாதனங்களையும் பயன்படுத்த வேண்டாம் என்று வளிமண்டலவியல் திணைக்களம் எச்சரிக்கிறது. கையில் பிடித்திருக்கும் கொன்ட்ரோலர் கேபிள் வழியாகக் கொன்சோலோடும் சுவரோடும் தொடர்புள்ளது என்பதால் அந்த எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். முதல் இடி கேட்டதும் கொன்சோலின் பிளக்கையும் தொலைக்காட்சியின் பிளக்கையும் கழற்றிவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டில் இப்போது கண்டிப்பான விதி. எர்த் இணைப்பு இல்லாத பழைய இரட்டைத் துளைப் பிளக்குகளில் கணினியைச் செருகியிருக்கும் லயன் வீடுகளும் பல உள்ளன. அவற்றில் கணினியின் உலோக உடலைத் தொட்டால் விறுவிறுப்பு உணரப்படும். கொன்ட்ரோலர் வாங்கும் முன் மின்பணியாளரை அழைத்து எர்த் உள்ள மூன்று துளைப் பிளக்கை அமைத்துக்கொள்ளும்படி அவர்களை வேண்டுகிறேன்.

பழைய கொன்ட்ரோலரை எறிந்துவிடவில்லை. பொட்டென்ஷியோமீட்டர் ஸ்டிக்கின் அதே கால் அமைப்பில் செய்யப்பட்ட ஹால் ஸ்டிக்குகள் தனியாக விற்கப்படுகின்றன. அளவுகளை ஒப்பிட்டபோது பலகையோடு பொருந்துகிறது. பத்துக்கு மேற்பட்ட கால்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சூடாக்கிப் பழைய சோல்டரை உறிஞ்சி எடுக்க வேண்டியிருப்பதால், அதற்கான செப்பு வலைநாடாவோடு சேர்த்து ஒரு சோடி ஸ்டிக்கை வரவழைக்கச் சொல்லியிருக்கிறேன். அவை வந்ததும் மாற்றிவிட்டு, முன்பு அளந்த அதே கால்களில் இம்முறை மின்னழுத்தத்தை அளந்து எழுதுவேன்.